முப்பத்தேழு எழுத்துப் பிழைகள்

பொதுமக்கள் தாங்கள் கட்டுகிற பணம் எதற்காக என்று தெரிந்துகொண்டுதான் கட்ட வேண்டும் என்று சர்க்காருக்கு ஒரு நாள் தோன்றியது. ஏன் தோன்றியது, யாருக்குத் தோன்றியது என்பதெல்லாம் கோப்பில் இல்லை. நயா பைசா வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஜனங்கள் அணாவில் கணக்குப் போட்டு நயா பைசாவில் ஏமாந்துகொண்டிருந்த காலம். அந்தச் சமயத்தில் ராமநாதபுரத்து மோட்டார் வண்டி ஒழுங்குமுறைக் கிளைக் கச்சேரிக்கு நல்ல தமிழில் ஒரு உத்தரவு வந்தது. அந்தக் கச்சேரியை ஊரார் சுருக்கமாக வண்டிக் கச்சேரி என்பார்கள். ஆட்சிமொழி தமிழ் என்று ஆகிவிட்டபடியால் உத்தரவுகள் எல்லாம் தமிழில்தான் வந்தன. முன்பு இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு மட்டும் புரியாமல் இருந்தது. இப்போது தமிழ் தெரிந்தவர்களுக்கும் புரியாமல் போயிற்று.

'இக்கச்சேரியில் ஆற்றப்பெறும் சேவைகளுக்கென வசூலிக்கப்பெறும் கட்டணங்கள் யாவும், மறைவின்றி, குறைவின்றி, பொதுமக்கள் கண்ணுக்குப் புலனாகுமாறு, கட்டண வெளிப்படைப் பலகை ஒன்றில் எழுதப்பெற்று, முப்பது நாட்களுக்குள் நிறுவப்பெற வேண்டும்' என்றது உத்தரவு.

தலைமை எழுத்தர் உக்கிரபாண்டி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "போர்டு மாட்டச் சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தார். பெயிண்டர் பாக்கருக்கு ஆள் போனது.

பாக்கர் புதுமடத்துக்காரர். தொண்டியிலிருந்து புதுமடம் வரைக்கும் ஓடுகிற பஸ்களின் விலாவிலும், கரையில் கிடக்கிற வள்ளங்களின் மூக்கிலும் இருந்த எழுத்தெல்லாம் அவர் கை எழுத்துத்தான். கூலி கொஞ்சம் கூடக் கேட்பார். ஆனால் சின்ன ரகரம் வர வேண்டிய இடத்தில் பெரிய றகரம் போட்டார் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஒரு லாரிக்காரர் தன் குலதெய்வத்தின் பெயரைத் தானே தப்பாக எழுதிக் கொடுத்தபோது, "சாமி கோவிச்சுக்கும்" என்று சொல்லித் திருத்தி எழுதியவர். இருபது வருஷத்தில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. மனிதருக்கு வேறு சொத்தும் கிடையாது.

"பலகை எட்டடிக்கு அஞ்சடி, தகரத்துல. கறுப்புல வெள்ளை எழுத்து. தலைப்பு மட்டும் சிவப்பு. மாசக் கடைசிக்கு ஒரு வாரம் முந்தியே வேணும்" என்றார் உக்கிரபாண்டி.

"செஞ்சுரலாம்ங்க. கட்டண லிஸ்டைக் குடுங்க."

உக்கிரபாண்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "லிஸ்டா? அது ரகசியம்ல."

"போர்டுல எழுதத்தானேங்க கேக்குறேன்?"

"எழுதி மாட்டுன பிறகுதான் பாய் அது பகிரங்கம். மாட்டுற வரைக்கும் ரகசியம். ரகசியத்தை வெளியாள் கையில குடுத்தா என் வேலை போயிரும்."

"அப்ப நான் எதைப் பாத்து எழுதுறது?"

அது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்குத் தலைமை எழுத்தர் மட்டத்தில் பதில் சொல்லும் அதிகாரம் இல்லாததால், அது ஆபீசர் பொன்னுச்சாமியின் மேஜைக்குப் போனது.

உண்மையைச் சொன்னால், அச்சடித்த கட்டணப் புத்தகம் ஒன்று அங்கே இருக்கத்தான் செய்தது. பீரோவின் நொண்டிக் காலுக்கு அதைத்தான் அண்டக் கொடுத்திருந்தார்கள். எடுத்தால் பீரோ சாயும். தவிர, சர்க்கார் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு வேலையை முடித்துக் கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தபடியால், அது எவ்வளவு என்று ரசீதைப் பார்க்காமல் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவராலும் முடியாது.

பொன்னுச்சாமி உத்தரவை விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பிடித்துப் படித்தார். "'வசூலிக்கப்பெறும் கட்டணம்'னு போட்டிருக்கு. 'விதிக்கப்பெறும்'னு போடலை. வசூல் யார்ட்ட ஆகுது? வெளியே நிக்கிறானுகள்ல, அவனுககிட்ட. அப்ப அவனுகளுக்குத்தான் சரியாத் தெரியும். கேட்டு எழுதிக்கச் சொல்லும்."

இப்படியாக, சர்க்கார் ஜனங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதை ஜனங்களிடமே கேட்டுத் தெரிவிப்பது என்று முடிவாயிற்று.

பாக்கர் ஒரு நோட்டும் பென்சிலுமாக வெளியே வந்தார். தாழ்வாரத்தில் இருபது இருபத்தைந்து பேர் நின்றார்கள். தூண் ஓரத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு உம்மு ஹபீபா உட்கார்ந்திருந்தார். தொண்டி ஹமீது சுல்தானின் சம்சாரம். சுல்தான் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொண்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தவர். மவுத்தாகி ஏழு மாதம் ஆயிற்று. அந்த பஸ்ஸில் பெயர் எழுதியவரும் பாக்கர்தான்.

"லாத்தா, நீங்க எங்க இங்கன?" என்றார் பாக்கர், அக்கா முறை சொல்லி.

"பர்மிட்டைப் பேர் மாத்தணும் தம்பி. மச்சான் போன துக்கத்துக்கு வீட்டோட இருக்கிற இத்தா முடிஞ்ச மறுநாளே வந்தேன். இன்னிக்குப் பதினோராவது நடை. ஒவ்வொரு நடைக்கும் அடுத்தவன் பஸ்ஸுல டிக்கெட் எடுத்து வாரேன். நம்ம வண்டி மணல்ல நிக்குது, டயர் புதைஞ்சு போச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள மாத்தலைன்னா பர்மிட்டு போயிரும். இன்னொரு முதலாளி இப்பவே அந்த ரூட்டைக் கேட்டு மனுப் போட்டுட்டாரு."

பாக்கர் தான் வந்த காரியத்தைச் சொன்னார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெசமாவா? வாங்குறதைப் பூரா எழுதணும்னா சொன்னாங்க?"

"மறைவின்றி, குறைவின்றி."

"அப்ப எழுதிக்க. மனுத்தாளு இனாம்னு அதுலயே அச்சடிச்சிருக்கு, அதுக்கு இருபத்தஞ்சு நயா பைசா. ஆபீசர் ரூம்புத் திரையை விலக்கிவிட சேவுகனுக்கு அம்பது. கோப்பைத் தேடி எடுக்க ஹெட் கிளார்க்குக்குப் பத்து ரூபா. ரெண்டு தடவை குடுத்துட்டேன், ரெண்டு தடவையும் தேடி எடுத்துட்டு மறுபடியும் தொலைச்சுட்டாரு. கையெழுத்துக்கு ஆபீசருக்கு நாப்பது. அதுக்குத்தான் வழியில்லாம உக்காந்திருக்கேன். வளையலை வித்தாச்சு. சர்க்காருக்கு அஞ்சு ரூபா. அதுக்கு மட்டும் ரசீது தருவாங்க."

"மத்ததுக்கு?"

"மத்ததுக்கு வேலை நடக்கும்."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அக்காள்மடத்திலிருந்து டிரைவர் லைசென்ஸுக்காக வந்தவர் தன் கணக்கைச் சொன்னார். உச்சிப்புளி லாரிக்காரர் வண்டி ஓட்டத் தகுதியானது என்று பிட்னஸ் சர்டிபிகேட் வாங்க ஆகும் செலவைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பாக்கர் நிதானமான மனிதர். ஒருத்தர் சொன்னதை அப்படியே ஏற்கவில்லை; மூன்று பேர் ஒரே தொகை சொன்னால்தான் நோட்டில் ஏற்றினார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு சேவைகளுக்கும் கணக்குத் தேறிவிட்டது. நோட்டில் சர்க்காருக்குப் போகிற வரிகள் பன்னிரண்டு. போகாத வரிகள் முப்பத்தேழு.

தகரத்தில் நூல் அடித்துக் கோடு போடும்போது பாக்கருக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உத்தரவு உத்தரவுதானே. எழுத எழுத உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. முத்து முத்தாக எழுதினார். 'திரை விலக்கும் சேவை (சேவுகன்): 50 ந.பை.' 'கோப்பு தேடும் சேவை (தலைமை எழுத்தர்): ரூ. 10.' 'ஒப்பமிடும் சேவை (அதிகாரி): ரூ. 40.' அடியில், கொஞ்சம் இடம் மிஞ்சியபடியால், வரிசையில் நின்ற அத்தனை பேரும் சொன்ன ஒரு சங்கதியையும் சேர்த்தார்: 'மேற்படி செலுத்தாதவர்கள் நாளை வரவும்.'

முடித்ததும் உக்கிரபாண்டியிடம் போய், "ஒரு தடவை படிச்சுப் பாத்துருங்க. பின்னால பிழைன்னு சொல்லப்படாது" என்று நோட்டை நீட்டினார்.

உக்கிரபாண்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே 'பார்வையிடப்பட்டது. சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருஷமாக எல்லாக் காகிதத்தையும் அவர் அப்படித்தான் பார்வையிட்டு வந்தார்.

பலகை என்று ஒன்று வந்துவிட்டால் அதை ஆணி அடித்து மாட்டிவிட முடியுமா? அப்போதெல்லாம் தெருக்குழாய்க்குக் கூடத் திறப்பு விழா வைப்பதுதான் நாகரிகம். காகிதக் கொடி கட்டினார்கள். மைக் செட் வந்தது. பலகைக்குப் பட்டுத் துணி போர்த்தினார்கள். மதுரையிலிருந்து மேலதிகாரி காரில் வந்து இறங்கினார். அவருக்கு மாலையும் பொன்னாடையும் போட்டார்கள். பலகைக்கும் ஒரு மாலை போட்டார்கள். எழுதிய பாக்கர் தன் கூலி பில்லோடு வேப்பமரத்தடியில் நின்றார்.

மேலதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். "ஒளிவு மறைவற்ற நிர்வாகமே நமது உயிர்மூச்சு. இன்று முதல் இக்கச்சேரியில் இருள் இல்லை" என்று முடித்து, கைதட்டலுக்கு நடுவே துணியை இழுத்தார். மைக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தம்முடைய கணீர்க் குரலில் படிக்கவும் ஆரம்பித்தார்.

"பெயர் மாற்றம். அரசுக் கட்டணம், ரூபாய் ஐந்து. மனுத்தாள், இருபத்தைந்து நயா பைசா. திரை விலக்கும் சேவை, சேவுகன், ஐம்பது நயா பைசா. கோப்பு தேடும் சேவை, தலைமை எழுத்தர்..."

நாற்பது ரூபாய்க்கு வந்ததும் குரல் நின்றது. மைக் மட்டும் கொஞ்ச நேரம் 'ஙொய்' என்றது.

பிறகு ஜனங்கள் கைதட்டினார்கள். கேலிக்குத் தட்டவில்லை, மனதாரத் தட்டினார்கள். பரம்பரை பரம்பரையாகக் கேட்டுக் கேட்டுக் குத்துமதிப்பாகக் கொடுத்துவந்த ஒரு விஷயத்தை, சர்க்காரே முன்வந்து கறுப்பு வெள்ளையில் போட்டுவிட்டதே என்று தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "இவ்வளவுதானா? என்கிட்ட அறுபது வாங்கிட்டானே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

விழா கலைந்த பிறகு, ஆபீசர் அறை ஜன்னலுக்கு வெளியே பில்லோடு காத்திருந்த பாக்கரின் காதில் உள்ளே நடந்த பேச்சு விழுந்தது.

"என்னய்யா இது, பொன்னுச்சாமி?" என்றார் மேலதிகாரி.

"எழுதுனவன் தப்புங்க ஐயா."

"எழுதுனது கிடக்கட்டும். கையெழுத்துக்கு நாப்பது ரூபாயா வாங்குறீரு?"

"ஆமாங்க ஐயா. சில சமயம்..."

"என்கிட்ட ரெண்டு வருஷமா இருபதுன்னுல்ல சொல்லிக்கிட்டு இருக்கீரு?"

மேலதிகாரி நிஜமாகவே மனம் நொந்துபோனார். அன்றே தம் டைரியில், 'இக்கச்சேரியில் மேலிடத்துக்கு உண்மை விவரம் தெரிவிக்கும் வழக்கம் இல்லை. கடும் கண்டனத்துக்குரியது' என்று எழுதிவிட்டுப் போனார்.

பலகையை உடனே கழற்றவும் முடியவில்லை. மேலதிகாரி திறந்துவைத்ததை மேலதிகாரியின் உத்தரவு இல்லாமல் கழற்றக் கூடாது. உத்தரவு மதுரையிலிருந்து வரப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் வண்டிக் கச்சேரி நடந்ததைப்போல் முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. ஜனங்கள் பலகையைப் பார்த்து, சில்லறை சரியாக எண்ணி, ஆளாளுக்கு உரியதை ஆளாளுக்கு நீட்டினார்கள். பேரம் இல்லை, கெஞ்சல் இல்லை. வரிசை மளமளவென்று நகர்ந்தது. "இப்பிடி ஒரு போர்டு முன்னாடியே வச்சிருக்கலாம்யா" என்று பொன்னுச்சாமியே உக்கிரபாண்டியிடம் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் உம்மு ஹபீபா வந்தார். பில்லுக்காக அன்றும் வந்து காத்திருந்த பாக்கர் அவரைப் பார்த்தார். யாரிடமோ கடன் வாங்கியிருந்தார் போல. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை மேஜைமேல் வைத்தார்.

"அம்பத்தஞ்சு ரூபா எழுபத்தஞ்சு நயா பைசா. போர்டுல கண்டபடி. எண்ணிக்கங்க."

உக்கிரபாண்டி எண்ணினார். "சரியா இருக்கும்மா. உக்காருங்க."

"ரசீது?"

"அஞ்சு ரூபாய்க்கு ரசீது இந்தா."

"முச்சூடுக்கும் வேணும்."

"முச்சூடுக்கும் எப்பிடித் தாயி குடுக்கிறது?"

"போர்டு சர்க்கார் போர்டு. மதுரைக்காரர் மாலை போட்டுத் திறந்து வச்சது. அதுல இருக்கிறது சர்க்கார் கட்டணம்தானே? கட்டணம்னா ரசீது உண்டுல்ல?"

உக்கிரபாண்டிக்கு வேர்த்தது. "ரசீது போட்டா இந்தப் பணம் கஜானாவுக்குப் போயிரும்மா!" என்றார், பெரிய அநியாயம் நடக்கப்போவதைத் தடுக்கிறவர் மாதிரி.

"போகட்டும். அங்கன போக வேண்டியதுதானே?"

பின்னால் நின்ற வரிசை சலசலத்தது. ஹபீபா தனக்காகப் பேசுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினார்.

"ஏம்மா, குடுத்தமா போனமான்னு இல்லாம, ரசீது என்ன வேண்டிக்கிடக்கு? பின்னால நிக்கிறவன்லாம் மனுசன் இல்லையா?" என்றார் லாரிக்காரர். "நல்லா நடந்துக்கிட்டு இருக்கிறதைக் கெடுத்துறாதீங்க" என்றார் இன்னொருத்தர்.

அந்த அம்மாள் அசையவில்லை. துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜைக்கு எதிரிலேயே நின்றார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து பொன்னுச்சாமி உத்தரவு வந்தது: "அஞ்சு ரூபாயை மட்டும் வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிரும்யா. இன்னொருத்தன் இதைக் கேக்கிறதுக்கு முந்தி!"

காகிதம் ஹபீபாவின் கைக்கு வந்தது. மீதிப் பணத்தை முடிந்துகொண்டு அவர் விறுவிறுவென்று தொண்டி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

உக்கிரபாண்டி அதன்பிறகு எட்டு நாளும் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளுக்கு நடந்ததை வரிசையில் நின்ற அத்தனை பேரும் கண்ணால் பார்த்தவர்கள். ஒருத்தர் ரசீது கேட்டாலும் போதும், குடி முழுகிவிடும். ஒருத்தரும் கேட்கவில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் பாக்கரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி நடுவிலும், பொன்னுச்சாமியும் உக்கிரபாண்டியும் இரு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ எழுதியிருக்கிறது பூராப் பொய்தானே?"

"எது பொய்யின்னு சொல்லுங்க ஐயா, அழிச்சிருறேன். வாங்குனவுகளும் இங்கன இருக்காக, குடுத்தவுகளும் வெளிய நிக்கிறாக. கூப்பிட்டுக் கேப்போம்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொய் என்றால் சாட்சி கூப்பிட வேண்டும். ஜில்லா முழுக்க சாட்சி. ரகசியத்தை வெளியிட்ட குற்றம் என்றால் ரகசியம் உண்மை என்றாகிவிடும். இரண்டு பக்கமும் சுவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அப்போது தொண்டையைக் கனைத்தது.

"எழுத்துப் பிழைன்னு போட்டுருவோம்ங்க ஐயா" என்றார் உக்கிரபாண்டி.

பாக்கருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. "பிழையா? எங்க?"

"'தலைமை எழுத்தர் ரூ. 10.' இது பிழை."

"எந்த எழுத்துங்க பிழை?"

"எல்லா எழுத்தும்."

"நீங்கதானே சரின்னு கையெழுத்துப் போட்டீங்க? நான் இருபது வருசமா..."

"இந்தா பாரு பாய்," என்றார் பொன்னுச்சாமி, ரொம்ப அன்பாக. "பலகையில முப்பத்தேழு எழுத்துப் பிழை இருந்துச்சு, என் சொந்தச் செலவுல திருத்தித் தாரேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மாட்டேன்னா, உன் கை எழுத்து இருக்கிற வண்டி ஒண்ணும் பிட்னஸ் பாஸாகாது. அப்புறம் எவன் உன்னைக் கூப்பிடுவான்?"

பொய்யன் என்று எழுதியிருந்தால்கூடப் பாக்கருக்கு அவ்வளவு வலித்திருக்காது. பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்குமூலத்தில் 'திருத்தி' என்பதை உக்கிரபாண்டி 'திறுத்தி' என்று எழுதியிருந்தார். அதை எடுத்துச் சொல்ல அன்று பாக்கருக்குத் தெம்பு இல்லை.

பீரோவைச் சேவுகன் தூக்கிப் பிடிக்க, கட்டணப் புத்தகத்தை உருவி எடுத்தார்கள். பாக்கர் முப்பத்தேழு வரிகளையும் கறுப்படித்து மறைத்துவிட்டு, சர்க்கார் கட்டணம் பன்னிரண்டையும் பெரிய எழுத்தில் எழுதினார்.

மறுநாளே தாழ்வாரத்தில் கலவரம். "பேர் மாத்த அஞ்சு ரூபாயா? யாரை ஏமாத்துறாங்க? அஞ்சு ரூபாய்க்கு இங்கன எவன் தலை நிமிந்து பாப்பான்?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பழைய பலகை இருந்தவரை நாற்பதோடு நின்ற கையெழுத்து, இப்போது ஆளைப் பார்த்து அறுபதும் எண்பதுமாக ஏறிவிட்டது. கேட்டால், "நாப்பதுன்னு எங்க போட்டிருக்கு?" என்று உக்கிரபாண்டி பலகையைக் காட்டினார். கோபம் அவர்மேல் திரும்பவில்லை. நாலு பேர் நேரே பாக்கரின் கடைக்கு வந்தார்கள்.

"உண்மையை எழுதி வச்சிருந்த போர்டை, காசை வாங்கிக்கிட்டுப் பொய்யா மாத்திட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றார் லாரிக்காரர்.

இன்னொருத்தர், "எல்லாம் அந்தத் தொண்டிப் பொம்பளை ரசீது கேட்டதுனால வந்த வினை" என்றார். அதை மற்ற மூவரும் ஆமோதித்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தொண்டியிலிருந்து ஆள் வந்தது. சுல்தான் பஸ் மறுபடி ஓடப்போகிறது. புதுசாகப் பெயர் எழுத வேண்டும். பாக்கர் போனார். மணலிலிருந்து தூக்கிக் கழுவி விட்டிருந்த வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது. விலாவில் பெயரை எழுதி முடித்ததும் ஹபீபா வந்து பார்த்து, "உங்க சுல்தான் மச்சான் இருந்து பாத்திருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு வேலையும் இருக்கு லாத்தா. புது உத்தரவு. பஸ்ஸுக்குள்ள டிக்கெட் கட்டணம் எழுதி வைக்கணும்."

"ஆமா, சொன்னாங்க. ராமநாதபுரத்துக்குத் தொண்ணூறு நயா பைசா."

"கண்டக்டரு ஒரு ரூபாய்னுல்ல சொன்னாரு?"

ஹபீபா வண்டியின் டயரைப் பார்த்தார். "எட்டு ஒம்பது மாசம் வண்டி நின்னு போச்சு தம்பி. டயரு கடன் இருக்கு. சில்லறைக்கும் தட்டுப்பாடு. பத்து நயா பைசால யாரு கெட்டுப்போவா?" என்றார். பிறகு உள்ளே ஏறி, பின்சீட்டுக்கு அடியில், மீன் கூடை வைக்கிற இடத்தைக் காட்டினார். "சர்க்கார் சொன்ன தொகையவே எழுது. தப்பு வேணாம். இங்கன எழுது. சின்ன எழுத்தாப் போதும்."

பாக்கர் குனிந்து இடத்தைப் பார்த்தார். "குனிஞ்சுகிட்டு எழுதணும் லாத்தா. கூலி ரெண்டு ரூபா கூட ஆகும்."

"எடுத்துக்க."

எழுதி முடித்துக் கை கழுவிவிட்டு, அதே பஸ்ஸின் முதல் நடையில் அவர் ராமநாதபுரத்துக்கு ஏறினார். கூட்டம் நெருக்கியடித்தது. கடைசி சீட்டில்தான் இடம் கிடைத்தது. காலடியில் ராக்கு என்கிற மீன்காரி இரண்டு கூடைகளை நெருக்கித் தள்ளி வைத்தாள். கண்டக்டர் புது ஆள். ஒவ்வொருத்தரிடமும் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தார். டிக்கெட்டை ஏற்றிவிட்டது வண்டிக் கச்சேரிதான் என்று அதைத் திட்டிக்கொண்டே எல்லோரும் கொடுத்தார்கள்.

பாக்கரும் ஒரு ரூபாயை நீட்டினார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பத்து நயா பைசாவுக்காக ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று பேசுவது பார்க்கிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கும் என்று பட்டது. கூடையிலிருந்து வழிந்த மீன் தண்ணீர் காய்ந்தும் காயாத தன் எழுத்தில் படாமல், காலால் கூடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்தார். எழுத்து தெரிந்தது. சட்டென்று மறுபடி உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.